உப்பளவரம்பும் ஊர்க்காவலும்: சான்பிரான்சிஸ்கோக் குடாவின் சதுப்புநில மீட்பு வரலாறு

கடற்கரையோரத்தில் எழுப்பப்பட்ட மண்ணணை ஒன்றை யார் கட்டினர், எதன்பொருட்டுக் கட்டினர், இன்று அஃது எவருக்குப் பயன்படுகின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை கிடைத்தல் அரிது. கட்டியோர் கருதிய பயன் ஒன்றாக இருக்க, காலம் அதன்மேல் வேறு பயன்களை ஏற்றிவிடுகின்றது. பின்னொரு நாள் அவ்வணையை அகற்ற முற்படுவோர், கட்டியோர் கருத்தை மட்டும் நோக்கினாற் போதாது. இடைக்காலத்தில் அதனை நம்பி வாழத் தொடங்கியோரையும் நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோணியா மாநிலத்திலுள்ள சான்பிரான்சிஸ்கோக் குடாவின் தென்பகுதி வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குகின்றது. அங்கு உப்பு விளைவிப்போர் கட்டிய வரம்புகள், எவரும் திட்டமிடாமலே, ஊருக்கு வெள்ளக் காவலாகவும் மக்களுக்கு நடைபாதையாகவும் மாறின. அவ்வரம்புகளை உடைத்துச் சதுப்புநிலத்தை மீட்க முயல்வோர், அவ்விரு கடன்களையும் சேர்த்தே தீர்க்க வேண்டியவராயினர். அக்கடன்கள் எவ்வாறு உண்டாயின, எவ்வாறு தீர்க்கப்பட்டு வருகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடாவும் சதுப்பும்

சான்பிரான்சிஸ்கோக் குடா கடலால் மூழ்கடிக்கப்பட்ட ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்காகும். கடைசிப் பனிக்கட்டிக் காலம் முடிந்து உலகின் கடல்மட்டம் உயர்ந்தபோது, பசிபிக் சமுத்திரத்தின் நீர் பொன்வாயில் எனப் பெயர்பெற்ற ஒடுங்கிய வழியினூடாக உட்புகுந்து இக்குடாவை உண்டாக்கிற்று. சக்கிரமெந்தோ, சான் உவாக்கின் என்னும் இரு பேராறுகள் கலிபோணியாவின் நடுச்சமவெளி நீரைத் திரட்டி இதனுட் சேர்க்கின்றன. அவ்வாறுகள் கொணரும் வண்டலும் கடலின் வற்றுப்பெருக்கும் கூடியே இக்குடாவின் கரைகளை உருவாக்கின.

சதுப்புநிலம் தோன்றும் முறை எளிதில் விளங்கக்கூடியது. பெருக்கின்போது கலங்கல்நீர் கரையோரத்துத் தாழ்நிலங்களிற் பரந்து, ஓட்டம் தணியும்போது சேற்றைப் படியவிடுகின்றது. படிந்த சேறு போதிய உயரம் பெற்றதும், நம்மவர் உமரி என வழங்கும் பூண்டின் இனத்தைச் சேர்ந்த செடிகளும் உவர்நிலப் புற்களும் அதில் வேரூன்றுகின்றன. அவற்றின் தண்டுகள் மேலும் சேற்றைத் தடுத்து நிறுத்த, மடிந்த வேர்களும் அதனோடு சேர, நிலம் மெல்ல மெல்ல உயர்கின்றது. கடல்மட்டம் சிறிது சிறிதாக ஏறுமாயின், சேறு குறையாதவரை, சதுப்பும் உடன் ஏறும். தன் உயரத்தைத் தானே பேணிக்கொள்ளும் இவ்வியல்பு மனிதர் கட்டும் அணைக்கு இல்லை. அன்றியும், அகன்ற சதுப்பினூடு வரும் அலை செடிகளில் மோதி வலுக்குன்றியே கரையை அடைகின்றது.

1850 ஆம் ஆண்டுக்கு முன் இக்குடாவைச் சூழ ஏறத்தாழ 190,000 ஏக்கர் சதுப்புநிலம் இருந்ததென்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. ஒலோனி எனப்படும் பழங்குடி மக்கள் இதன் கரைகளிற் சிப்பியும் மீனும் பறவையும் கொண்டு வாழ்ந்தனர். அவர்கள் உண்டு எறிந்த சிப்பிகள் காலப்போக்கில் மேடுகளாயின. கிழக்குக் கரையின் இயற்கைப் பள்ளங்களில் உறைந்த உப்பையும் அவர்கள் எடுத்துப் பயன்படுத்தினர். 1769 ஆம் ஆண்டிலே போர்த்தோலா தலைமையில் தரைவழி வந்த இசுப்பானியர் இக்குடாவைக் கண்டனர்; 1776 ஆம் ஆண்டிலே அவர்தம் கோட்டையும் மதப்பள்ளியும் அதன் வாயிலருகே எழுந்தன. ஆயினும் சதுப்புநிலத்தின் உருவை மாற்றியது அவர்கள் ஆட்சியன்று. அடுத்த நூற்றாண்டின் பொன்வேட்கையே ஆகும்.

வரம்புகள் எழுந்த காலம்

1848 ஆம் ஆண்டிலே சியரா நெவாடா மலையடிவாரத்தில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் வெள்ளம்போல் வந்து குவிந்தனர். பொன் தேடியோர் பிற்காலத்திற் பெருங்குழாய்களால் நீரைப் பீறிட்டடித்து மலைச்சரிவுகளைக் கரைத்தமையால், அளவிறந்த மண் ஆறுகள் வழியே குடாவை வந்தடைந்தது. வயல்கள் மண்மூடிப் பாழாகின்றன எனக் கமக்காரர் தொடுத்த வழக்கில், 1884 ஆம் ஆண்டிலே நீதிபதி லொரென்சோ சோயர் அம்முறைக்குத் தடை விதித்தார். அம்மண்ணின் அளவையும் போக்கையும் விரிவாக ஆராய்ந்து குரோவ் கார்ல் கில்பேட் என்னும் புவியியலறிஞர் 1917 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூல் இன்றும் போற்றப்படுகின்றது. மலையை அழித்த அதே மண் குடாவில் வந்து சேற்றுநிலங்களையும் சில சதுப்புகளையும் வளர்த்தது. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

பொன்னைத் தொடர்ந்து வந்தது நிலவேட்கை. 1850 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய சதுப்புநிலச் சட்டம், நீர் தேங்கும் நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை வடித்துப் பயிர்நிலமாக்க ஊக்கமளித்தது. சதுப்பு என்பது பயனற்ற நிலம், அதனை உலர்த்துவதே நாகரிகம் என்பது அக்காலத்தார் கொள்கை. வடபகுதியில் வைக்கோற் பயிருக்காகவும் கால்நடைக்காகவும் அணைகள் எழுந்தன. தென்பகுதியில் உப்புக்காக எழுந்தன.

தென்குடாவில் விற்பனைக்கான உப்பு விளைவிப்பு 1854 ஆம் ஆண்டளவிற் கிழக்குக் கரையிலே தொடங்கிற்றென்பர். அவ்வாண்டிலேயே பொன்வாயிலருகே கடல்மட்டத்தை அளக்கும் மானி நிறுவப்பட்டு, அதன் பதிவு இன்றுவரை தொடர்ந்து வருகின்றது. ஒரே ஆண்டில் ஒருசாரார் கடலை வரம்புகட்டித் தடுக்கவும், மற்றொருசாரார் அதன் ஏற்றத்தை அளக்கவும் தொடங்கினர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆனையிறவிலே உப்பு விளைந்த முறையை அறிந்த ஈழத்து மாணவர்க்குத் தென்குடாவின் முறை புதிதாகத் தோன்றாது. கடல்நீரை அகன்ற குளங்களில் தேக்கி, வெயிலாலும் காற்றாலும் வற்றச்செய்து, உவர்ப்பு மிகமிக அடுத்தடுத்த குளங்களுக்கு மாற்றி, இறுதியிற் பாத்திகளில் உறையவைப்பர். வேறுபாடு அளவிலும் காலத்திலுமே உள்ளது. அங்கு குடாவிலிருந்து புகும் நீர் உப்பாக உறைவதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டு செல்லும். ஆரம்பத்திற் சிறு குடும்பங்களே இத்தொழிலை நடத்தின. நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களில் தாதுவைப் பிரிப்பதற்கு உப்பு மிகுதியாக வேண்டப்பட்டமையால் தொழில் வளர்ந்தது. பின்னர்ச் சிறு உப்பளங்கள் ஒன்றுசேர்ந்து 1936 ஆம் ஆண்டிலே லெஸ்லி உப்புக் கம்பனி ஆயின. 1978 ஆம் ஆண்டிலே காகில் கம்பனி அதனை வாங்கிற்று.

இவ்வரம்புகள் அமைந்த வகையை ஈண்டு கவனித்தல் வேண்டும். உள்ளே தோண்டிய சேற்றையே வாரிக் குவித்துக் கட்டப்பட்டவை அவை. மென்மையான சேற்றின்மேல் நின்றமையால் அவை அமிழ்ந்துகொண்டே இருந்தன; அவ்வப்போது மேலும் சேறிட்டு உயர்த்த வேண்டியிருந்தது. உப்புநீர் வெளியேறாமற் காப்பதே அவற்றின் வேலை. ஊரைக் காக்கும் அணைக்குரிய உறுதியும் உயரமும் அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆயினும் ஊர் அவற்றின் பின்னாற் குடியிருந்தது.

அல்விசோவின் அமிழ்வு

குடாவின் தென்கோடியில் அல்விசோ என்னும் சிற்றூர் உள்ளது. 1852 ஆம் ஆண்டிலே நகராகப் பதிவுபெற்ற அது, சந்தா கிளாரா பள்ளத்தாக்கின் விளைபொருள்களைப் படகிலேற்றிச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிய துறைமுகமாயிருந்தது. 1864 ஆம் ஆண்டிலே சான்பிரான்சிஸ்கோவையும் சான் ஹோசேயையும் இணைத்த புகையிரதப் பாதை அவ்வூரை விலக்கிச் சென்றமையால் அதன் செழிப்புக் குன்றிற்று.

அதன்பின் நேர்ந்த இடர் கண்ணுக்குப் புலப்படாதது. சந்தா கிளாரா பள்ளத்தாக்குப் பழத்தோட்டங்களாற் பெயர்பெற்றது. தோட்டங்களுக்கும் வளரும் நகருக்கும் வேண்டிய நீர் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டது. முற்காலத்தில் தாமே பொங்கி வழிந்த கிணறுகள் வற்றத் தொடங்கின. நீர் நீங்கிய களிமண் படைகள் இறுகின. அவற்றின்மேல் நின்ற நிலம் அமிழ்ந்தது. சான் ஹோசே நகரின் நடுவே அமிழ்வு 13 அடிவரை எட்டிற்று. குடாவின் தென்விளிம்பிலே நிலம் 2 அடி முதல் 8 அடிவரை தாழ்ந்து, முன்னர் உலர்ந்திருந்த 17 சதுர மைல் நிலப்பரப்பு 1969 ஆம் ஆண்டளவிற் பெருக்குமட்டத்திற்குக் கீழாயிற்று. வெளியிலிருந்து நீர் கொணரப்பட்டு, நிலத்தடி நீரும் பேணப்பட்ட பின்னரே அவ்வமிழ்வு நின்றது. நின்றதே அன்றித் தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை.

இதனால் விளைந்தது யாது? கடல்மட்டத்திற்கு மேல் இருந்த ஊர் அதற்குக் கீழ்ப்பட்ட ஊராயிற்று. கடலுக்கும் ஊருக்கும் இடையே நின்றவை உப்பளத்து வரம்புகளும் குளங்களுமே. வெள்ளத்தடுப்புக்கென எவரும் கட்டாத சேற்றுவரம்பு, ஊரின் முன்னரண் ஆகிவிட்டது. மெக்சிக்கோ வழிவந்த உழைக்கும் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த இவ்வூர் 1968 ஆம் ஆண்டிலே சான் ஹோசே நகருடன் இணைக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டிலே கொயோட்டி ஓடை பெருகியபோது, தாழ்ந்த கிண்ணம் போன்ற அவ்வூரில் வெள்ளம் நிரம்பிற்று. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். தோட்டக்காரர் இறைத்த நீருக்கும் நகரம் குடித்த நீருக்கும் உரிய விலையை, அவற்றால் அதிகம் பயனடையாதோர் கொடுத்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பாடமாகும். சதுப்புநில மீட்பைப் பற்றிப் பேசுவோர் அல்விசோவை மறந்து பேசுதல் இயலாது.

குடாவைக் காத்தோர்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே குடாவையே தூர்த்து நிலமாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. குப்பையாலும் மண்ணாலும் கரைகள் நிரப்பப்பட்டன. பேர்க்கிலி நகரம் ஏறத்தாழ 2,000 ஏக்கர் குடாவைத் தூர்த்துத் தன் பரப்பை இருமடங்காக்க எண்ணிற்று. இவ்வாறே செல்லின் 2020 ஆம் ஆண்டளவிற் குடா ஓர் ஆறுபோல் ஒடுங்கிவிடக்கூடும் என்பதைக் காட்டும் படமொன்று பத்திரிகையில் வெளியானது. அதனைக் கண்டு மனங்கலங்கிய கே கேர், சில்வியா மக்லாக்லின், எஸ்தர் கூலிக் என்னும் பேர்க்கிலிப் பெண்மணிகள் மூவர் 1961 ஆம் ஆண்டிலே குடாவைக் காக்கும் சங்கமொன்றைத் தொடங்கினர்.

அம்மூவரின் முயற்சி மக்களியக்கமாக வளர்ந்து, 1965 ஆம் ஆண்டிலே மக்காட்டீர்-பெட்றிஸ் சட்டமாகப் பயனளித்தது. அச்சட்டத்தால் அமைந்த குடாப் பாதுகாப்பு அபிவிருத்தி ஆணைக்குழு 1969 ஆம் ஆண்டிலே நிரந்தரமாக்கப்பட்டது. குடாவைத் தூர்ப்போர் அவ்வாணைக்குழுவின் அனுமதி பெறுதல் வேண்டும். கரையில் எதனைக் கட்டினும், இயன்ற அளவு பொதுமக்கள் கரையை அணுக வழிவிடுதலும் வேண்டும். இவ்விரண்டாம் விதி பெரிதும் கருதத்தக்கது. அக்காலத்திற் குடாவின் நீண்ட கரையில் மக்கள் தடையின்றி நடக்கக்கூடியவை ஒருசில மைல்களே. கண்ணுக்குப் புலப்படாத குடாவைக் காக்க மக்கள் முன்வாரார் என்பதை அச்சங்கத்தார் உணர்ந்திருந்தனர். ஆகவே கரையிலே நடக்கும் உரிமை, குடாவைக் காக்கும் கடமையின் மறுபக்கமாகவே தோன்றியது.

1972 ஆம் ஆண்டிலே தென்குடாவில் தேசிய வனவிலங்குப் புகலிடமொன்றை அமைக்கக் காங்கிரசு சட்டமியற்றிற்று. அதற்கு உழைத்த காங்கிரசு உறுப்பினர் டொன் எட்வேட்ஸ் பெயரை 1995 ஆம் ஆண்டு முதல் அப்புகலிடம் தாங்கி நிற்கின்றது. உப்பளத்து வரம்புகளிற் சில மக்கள் நடைக்குத் திறக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டிலே பில் லொக்கியர் என்னும் மாநிலச் செனற்றர் கொணர்ந்த சட்டத்தால், ஒன்பது மாவட்டங்களையும் தொட்டுக் குடாவைச் சுற்றிவரும் 500 மைல் நடைபாதைத் திட்டம் உருப்பெற்றது. அதில் 350 மைலுக்கு மேல் இதுவரை அமைந்துள்ளது. அப்பாதையின் நல்ல பகுதிகள் பழைய அணைகளின் முதுகிலேயே செல்கின்றன. இவ்வாறு உப்பளவரம்பின்மேல் மூன்றாம் பயனும் ஏறிற்று.

மூன்று நோக்கங்கள்

1999 ஆம் ஆண்டிலே அறிஞர் பலர் கூடி வெளியிட்ட குடாக்கரை வாழிட அறிக்கை, முற்காலத்துச் சதுப்பு 190,000 ஏக்கரில் ஏறத்தாழ 40,000 ஏக்கரே எஞ்சியதெனக் காட்டி, அதனை 100,000 ஏக்கராக உயர்த்துதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பழைய நிலையை அறிவதற்கு 1850களில் அரசாங்கக் கரையோர அளவையாளர் வரைந்த படங்கள் பெரிதும் துணையாயின. சதுப்பை அழிக்கத் தொடங்கிய காலத்திலேயே அதன் ஓடைகளை ஒவ்வொன்றாக வரைந்து வைத்தோர் இருந்தமையால், மீட்போருக்கு வழிகாட்டி கிடைத்தது. பழைய படங்களைப் பேணும் ஆவணசாலைகளின் பயனை இதனினும் தெளிவாக எடுத்துரைத்தல் அரிது.

2003 ஆம் ஆண்டிலே, செனற்றர் டயான் பைன்ஸ்டைன் முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையின் பயனாக, காகில் கம்பனியிடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளம் 10 கோடி டொலருக்குப் பொதுவுடைமையாயிற்று. அதில் 15,100 ஏக்கர் தென்குடாவைச் சேர்ந்தது. எஞ்சியது வடக்கே நாப்பா ஆற்றருகே உள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் அறநிதியங்கள் சிலவும் அப்பொருளை உதவின.

நிலம் கைக்கு வந்ததும், வரம்புகளை உடைத்துக் கடலை உள்ளேவிடின் வேலை முடிந்தது என எண்ணத் தோன்றும். அவ்வாறு செய்திருப்பின் அல்விசோ மூழ்கியிருக்கும். ஆதலால் திட்டத்திற்கு மூன்று நோக்கங்கள் சமமாக வகுக்கப்பட்டன: சதுப்பையும் பிற வாழிடங்களையும் மீட்டல், வெள்ளத்திலிருந்து ஊர்களைக் காத்தல், மக்கள் கரையை அணுகி நடக்க வழிசெய்தல். இம்மூன்றும் புதிதாகக் கற்பனை செய்யப்பட்டவை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வரம்பு ஏற்றுநின்ற சுமைகளே நோக்கங்களாக எழுதப்பட்டன.

மீட்பு என்னும் சொல்லுக்கும் வரையறை வேண்டியிருந்தது. 1850 ஆம் ஆண்டின் நிலை அப்படியே மீளுதல் இயலாது, நிலம் தாழ்ந்துவிட்டது. அன்றியும், உப்புக்குளங்களையே நம்பி வாழப் பழகிய பறவைகள் பல. வலசை வரும் நீர்ப்பறவைகள் பத்து இலட்சத்துக்கு மேல் இக்குடாவைப் பயன்படுத்துகின்றன. உப்புத்தரையிற் கூடுகட்டும் சிறு உப்புக்கொத்தி இனமொன்றும் அழிவின் விளிம்பில் உள்ளது. சதுப்பில் மட்டுமே வாழும் ஒருவகைச் சுண்டெலிக்கும் கானாங்கோழிக்கும் சதுப்பு வேண்டும்; உப்புக்கொத்திக்கோ வெறுந்தரை வேண்டும். எனவே ஐம்பதாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டு, குளங்களிற் பாதியையேனும் சதுப்பாக்குவது, பறவைகளின் நிலையைப் பார்த்துப் பத்தில் ஒன்பது பங்குவரை செல்வது, தீங்கு தோன்றின் அவ்விடத்தே நிறுத்துவது என முடிவாயிற்று.

உடைத்தலும் கட்டுதலும்

முதலில் ஊருக்கு இடரில்லாத இடங்கள் உடைக்கப்பட்டன. 2006 ஆம் ஆண்டிலே கொயோட்டி ஓடையருகேயுள்ள தீவுக்குளங்கள் மூன்றும், 2010 ஆம் ஆண்டிலே அல்விசோ ஓடைமுகத்தில் 330 ஏக்கர்க் குளமொன்றும் கடலுக்குத் திறக்கப்பட்டன. சேறு புகுந்து படிந்தது. தீவுக்குளங்களிற் சில ஆண்டுகளுள் உவர்ச்செடிகள் வேரூன்றின. டம்பார்ட்டன் பாலத்தருகே மற்றொரு குளத்தில், உடைப்பதற்குப் பதிலாக நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி, பறவைகள் கூடுகட்ட 30 தீவுகள் அமைக்கப்பட்டன.

எளிதில் உடைக்க இயலாத குளங்களும் இருந்தன. நியூ அல்மடேன் சுரங்கத்தில் நெடுங்காலம் இரசம் எடுக்கப்பட்டமையால், குவாடலூப்பே ஆறு கொணர்ந்த இரசம் அல்விசோவைச் சூழ்ந்த சேற்றிற் படிந்துள்ளது. அச்சேற்றைக் கிளறின் நஞ்சு மீனிலும் பறவையிலும் ஏறக்கூடும். ஆதலால் அங்குள்ள குளமொன்று 2011 ஆம் ஆண்டிலே கதவுகள் பொருத்திய சிறு வாயிலாற் படிப்படியாகத் திறக்கப்பட்டு, மீனும் பறவை முட்டையும் சோதிக்கப்பட்டு வந்தன. பொன்னைப் பிரிக்கப் பயன்பட்ட இரசமும், பொன்னுக்காகக் கரைத்த மலையும் ஒருங்கே இம்மீட்பினுள் வந்து நிற்றல் வரலாற்றின் விந்தையே.

ஊரையடுத்த குளங்களைப் பொறுத்தவரை ஒழுங்குமுறை தலைகீழாதல் வேண்டியிருந்தது. முதலில் ஊர்ப்பக்கம் உறுதியான புதிய அணை. அதன்பின்னரே கடற்பக்கத்துப் பழைய வரம்பை உடைத்தல். அல்விசோவைக் காக்க ஏறத்தாழ நான்கு மைல் நீளமான அணையும் 2,900 ஏக்கர்க் குளங்களின் மீட்பும் சேர்ந்த கரையோரத் திட்டத்திற்கு 2016 ஆம் ஆண்டிலே காங்கிரசு இசைவளித்தது. 2020களின் தொடக்கத்தில் வேலை தொடங்கிற்று. அணையின் கடற்புறம் சில இடங்களிற் செங்குத்தாக நில்லாது, மிகச் சாய்ந்த நீண்ட சரிவாகச் சதுப்பினுட் சென்று முடியும் வகையில் திட்டமிடப்பட்டது. அச்சரிவு அலையின் வலியைக் குறைக்கும். பெருக்குமிகும் நாளில் சுண்டெலிக்கும் கானாங்கோழிக்கும் ஒதுங்குமிடமாகும். கடல் உயர்கையிற் சதுப்பு மேலேறிச் செல்லவும் இடமளிக்கும். மென்லோ பார்க் நகரருகே 2023 டிசெம்பரில் ஏறத்தாழ 300 ஏக்கர்க் குளமொன்று திறக்கப்பட்டபோதும், வெளியிலிருந்து மண் கொணர்ந்து அத்தகைய சரிவுகள் அமைக்கப்பட்டிருந்தன.

இம்முறை தென்குடாவுக்கு மட்டும் உரியதன்று. வடபகுதியிலே, சொனோமா மாவட்டத்துச் சீயர்ஸ் முனையில், வைக்கோல் வயலுக்கெனக் கட்டப்பட்ட பழைய அணை 2015 ஒக்டோபரில் உடைக்கப்பட்டு ஏறத்தாழ 1,000 ஏக்கர் கடலுக்குத் திரும்பிற்று. அதற்குமுன் உட்புறத்தே புதிய அணை எழுந்து புகையிரதப் பாதையையும் நெடுஞ்சாலையையும் காத்தது. அவ்வணையின்மேல் 2½ மைல் நடைபாதையும் அமைந்தது. காவல், சதுப்பு, பாதை ஆகிய மூன்றும் ஒரே வேலையில் நிறைவேறியமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும்.

நடப்போர் வழக்கு

மூன்று நோக்கங்களுள் நடைபாதையே அற்பமானதென்று கருதுவோர் உண்டு. பறவைக்கு வாழ்வும் ஊருக்கு உயிரும் வேண்டப்படுமிடத்தில் நடப்போரின் இன்பத்திற்கு இடமுண்டோ என அவர் வினவுவர். மறுபுறம், பல்லாண்டு நடந்து பழகிய வழி ஒருநாள் உடைப்பினால் அறுந்துபோவதைக் கண்டு வருந்துவோரும் உண்டு. குளத்தைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே சேரும் பாதை, வரம்பு உடைந்ததும் சென்ற வழியே திரும்பும் பாதையாகிவிடுகின்றது.

இவ்வழக்கைத் தீர்க்க ஆராய்ச்சி துணைக்கழைக்கப்பட்டது. சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் ட்ரூலியோவும் உடனாய்வாளரும், சேற்றுத்தரையில் இரைதேடும் கரைப்பறவைகள் நெடுநாட் பழகிய பாதையை அடுத்த இடங்களைக் கைவிடவில்லை எனக் கண்டனர். ஆயினும், மனிதர் நடமாட்டமே அறியாத குளக்கரையிற் புதிதாக நடப்பின், குளிர்கால வாத்துகள் கரையைவிட்டு விலகின. இதிலிருந்து பெறப்படும் விதி எளியது: பழகிய வழியைப் பேணுக, புதிய வழியை எல்லாக் கரைக்கும் நீட்டற்க. அதற்கேற்ப, சில பாதைகள் அணைமேல் நிலைபெற்றன. சில கூடுகட்டும் பருவத்தில் அடைக்கப்படுகின்றன. சில இடங்களுக்குப் பாதையே இல்லை. சில இடங்களிற் பாதைமுடிவிற் பார்வைமேடை மட்டும் அமைக்கப்பட்டது.

பாதையை அற்பமென்போருக்கு 2016 ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் குடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்ட மக்களும், ஒவ்வொரு காணிக்கும் ஆண்டுக்கு 12 டொலர் வரியை இருபதாண்டு செலுத்தத் தாமே வாக்களித்து ஒப்பினர். அதனாற் கிடைப்பது 50 கோடி டொலராகும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டிய அத்தீர்மானம் நிறைவேறியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள், குடாவை நாள்தோறும் கண்டு நடந்த தலைமுறை ஒன்று உருவாகியிருந்தமை சிறியதன்று. கரையிற் கால்வைக்க இயலாதிருந்த 1961 ஆம் ஆண்டு மக்களிடம் அவ்வரியைக் கேட்டிருப்பின் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

எஞ்சிய இடர்கள்

இவ்வாறு கூறுவதால் இடர் தீர்ந்ததென எண்ணலாகாது. பொன்வாயில் மானியின் பதிவுப்படி கடல்மட்டம் கடந்த நூறாண்டில் ஏறத்தாழ 8 அங்குலம் உயர்ந்துள்ளது. இனி உயர்வது அதனினும் விரைவாயிருக்குமென்பது அறிஞர் முடிபு. அதே வேளையில் குடாநீரில் மிதக்கும் சேறு இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குறைந்துவிட்டது. பொன்வேட்டை கரைத்த மலைமண் அநேகமாகக் கழுவப்பட்டுப் போயிற்று. ஆறுகளின் மேற்பாகத்து அணைகள் புதுமண்ணைத் தடுக்கின்றன. அமிழ்ந்த குளங்கள் சதுப்பாதற்குச் சேறு மிகுதியாக வேண்டும், சேறோ குறைகின்றது. விரைவில் திறந்த குளம் உயர்ந்துகொள்ளும். காலந்தாழ்த்தித் திறப்பது திறந்த நீராகவே நின்றுவிடவுங்கூடும். ஊரணை கட்டும் வரை காத்திருத்தல் அறம். சதுப்பைக் காலத்திலே திறத்தல் அவசியம். இவ்விரண்டுக்கும் இடையே பொருட்செலவு பன்மடங்காகி நிற்கின்றது. அல்விசோ அணையின் செலவு முதலில் மதிப்பிட்டதினும் மிகப் பெருகிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை சில. மனிதர் மாற்றிய நிலத்தை மீட்பதென்பது காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதன்று. உப்பளக்காரர், பொன் தேடியோர், பழத்தோட்டக்காரர், நகர் கட்டியோர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் பயன் கருதிச் செய்தவை ஒன்றன்மேலொன்றாகப் படிந்து, ஒரு சேற்றுவரம்பைப் பலர் உயிருக்கும் உரிமைக்கும் ஆதாரமாக்கிவிட்டன. அதனை உடைக்கும் உரிமை, அதற்கு ஈடாக வேறொன்றை முதலிற் கட்டிக் கொடுக்கும் கடமையோடு பிணைந்துள்ளது. தாழ்நிலத்தில் வாழும் எளியோர்க்குக் காவல் முதலாவது. சதுப்புக்குக் காலந்தவறாத திறப்பு இரண்டாவது. கரையை விரும்பும் மக்களுக்குப் பழகிய வழி மூன்றாவது. இவற்றுள் எதனை விட்டாலும் ஏனைய இரண்டும் நெடிது நில்லா. காவலற்ற ஊர் உடைப்பை எதிர்க்கும். சதுப்பற்ற அணை அலையின் முழு வலியையும் தானே தாங்க வேண்டிவரும். மக்கள் காணாத கரைக்கு வரிகொடுப்போர் இரார்.

1854 ஆம் ஆண்டிலே தென்குடாவில் முதல் வரம்பைக் கட்டியோர் உப்பைப் பற்றியன்றி வேறொன்றையும் நினைத்திரார். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. இன்று அணை கட்டுவோருக்கும் உடைப்போருக்கும், தமக்குமுன் அந்நிலத்தில் யார் யார் என்னென்ன செய்தனர் என்பதை அறிவிக்கும் படங்களும் அளவைகளும் கைவசம் உள்ளன. அவற்றைக் கற்றறிந்து செயலாற்றுதல் அவர்தம் பொறுப்பாகும்.